கலிங்கு தாண்டிய காற்று

சென்ற பொங்கலுக்கு ஊருக்கு வந்த பேத்தி, மடிக்கணினியோடு ஒரு சண்டையையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தாள். சண்டை சூரியனோடு.

எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். சூரியனிலிருந்து புறப்படும் காற்று பூமிக்கு வந்து சேரும்போது என்ன வேகத்தில் இருக்கும் என்று கணக்கிட வேண்டும். செமஸ்டர் வேலை. அவள் எழுதிய நிரல் நொடிக்கு 395 மீட்டர் என்கிறது. புத்தகத்தில் சுமார் 400 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது.

“கிலோமீட்டரை மீட்டராக்குற இடத்துல எங்கயோ ஒரு ஆயிரம் விட்டுப்போச்சு தாத்தா. ரெண்டு நாளா தேடுறேன், கிடைக்கல.”

பிழை தேடுவதுதான் முப்பத்தோரு வருஷம் என் பிழைப்பு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆயிரம் எங்கேயும் விட்டுப்போகவில்லை. அலகுகளெல்லாம் ஒழுங்காகவே இருந்தன. ஒரே ஒரு வரியில் மட்டும் எனக்குப் பழக்கமில்லாத பெயர் ஒன்று நின்றது: லாம்பர்ட் டபிள்யூ சார்பு.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரியகுளம் பக்கம் ஒரு கல்லூரியில் முதுகலை மாணவர்களுக்கு ‘சிறப்புச் சார்புகள்’ என்ற தாளை நடத்தியவன் நான். லெஜண்டர், பெஸல், ஹெர்மைட் என்று வரிசையாகப் போர்டில் எழுதி, நிரூபித்து, அழிப்பேன். வருஷம் தவறாமல் யாராவது ஒரு பையன் எழுந்து, “சார், இதெல்லாம் எதுக்குப் பயன்படும்?” என்று கேட்பான். “பத்து மார்க் கேள்விக்குப் பயன்படும்” என்பேன். வகுப்பு சிரிக்கும். எனக்குப் பதில் தெரியாது என்பதை அந்தச் சிரிப்பு மூடிவிடும்.

எங்கள் ஊரில் மொட்டைமாடிக்குப் போனால் கொடைக்கானல் மலை தெரியும். அதன் உச்சியில், ஏறத்தாழ 2340 மீட்டர் உயரத்தில், சூரியனைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆய்வகம் 1899-இலிருந்து இருக்கிறது. சூரியக் கரும்புள்ளியின் ஓரங்களில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான். உலகம் அதை ‘எவர்ஷெட் விளைவு’ என்கிறது. மலையடிவாரத்தில் உட்கார்ந்து சூரியனுக்கான கணிதத்தை முப்பத்தோரு வருஷம் நடத்திய நான், பணியில் இருந்தவரை ஒரு தடவைகூட அந்த ஆய்வகத்துக்குப் போனதில்லை. கொடைக்கானலுக்குப் போகாமல் இல்லை. ஏரியில் படகு விட்டுவிட்டு, சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவோம்.

ஓய்வுபெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் போர்டில் எழுதி அழித்த லெஜண்டர் சார்புகளில்தான் சூரியன் அதிர்ந்துகொண்டிருக்கிறது. சூரியனின் மேற்பரப்பு சுமார் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஏறி இறங்குகிறது என்று லெய்ட்டன் குழுவினர் 1962-இல் அறிவித்தார்கள். உள்ளே சிக்கிய ஒலியலைகள் செய்யும் வேலை அது. உருண்டையான ஒரு பொருள் மணிபோல அதிரும்போது அதன் மேல் எந்த இடம் மேடாகும், எந்த இடம் பள்ளமாகும் என்பதை எழுத லெஜண்டர் சார்புகள் வேண்டும். அந்த அதிர்வுகளைப் பிரித்துப் பிரித்துத்தான் கண்ணுக்குத் தெரியாத சூரியனின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுகொண்டார்கள். மேலிருந்து முப்பது சதவீத ஆழம்வரை நடுப்பகுதி வேகமாகவும் துருவங்கள் மெதுவாகவும் சுழல்கின்றன. அதற்குக் கீழே ஏறக்குறைய ஒரே கட்டியாகச் சுழல்கிறது. இரவு பகல் விடாமல் இதைக் கவனிக்க உலகைச் சுற்றி அமைத்த ஆறு நிலையங்களில் ஒன்று நம் உதய்ப்பூரில் இருக்கிறது. எழுந்து நின்று கேட்ட பையன்களுக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.

டபிள்யூவுக்கு வருகிறேன். ஓர் எண்ணை எடுத்து, இ என்கிற 2.718-ஐ அந்த எண்ணின் அடுக்குக்கு உயர்த்தி, வந்ததை அதே எண்ணால் பெருக்கினால் ஒரு விடை வரும். விடையைக் கொடுத்துவிட்டு அந்த எண்ணைக் கேட்டால்? பள்ளிக்கூட வித்தைகள் எதுவும் செல்லாது. எக்ஸை ஒரு பக்கம் தனியே கொண்டுவர முடியாது. எங்கள் காலத்தில் இந்த மாதிரிச் சமன்பாடு வந்தால் “தீர்வு கிடையாது” என்று சொல்லி அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம்.

தீர்வு இல்லாமல் இல்லை. தீர்வுக்குப் பெயர் வைக்காமல் இருந்தோம், அவ்வளவுதான். யோசித்துப் பாருங்கள், சைன் என்பது மட்டும் என்ன? 23 டிகிரிக்கு சைன் எவ்வளவு என்று கூட்டிக் கழித்து ஒரேயடியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அதற்கு ஒரு பெயர் வைத்து, அட்டவணை போட்டு, கிளார்க் டேபிளில் அச்சடித்துவிட்டார்கள். தினம் பார்த்துப் பழகியதால் அது வீட்டு மனுஷர் மாதிரி ஆகிவிட்டது. டபிள்யூவுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

யோஹான் ஹைன்ரிஷ் லாம்பர்ட் ஒரு தையற்காரர் மகன். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவர், மீதியைத் தானாகவே படித்துக்கொண்டார். 1758-இல் இந்த வகைச் சமன்பாடு ஒன்றோடு மல்லுக்கட்டி ஒரு தொடராக விடை எழுதினார். ஆய்லர் அதைத் தன் போக்கில் வளர்த்த கட்டுரை 1783-இல் வந்தது. பிறகு அவரவர் தேவைக்கு அதைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து, திரும்பத் திரும்ப மறந்தார்கள். மேப்பிள் என்ற கணித மென்பொருளில் டபிள்யூ என்ற எழுத்து ஒட்டிக்கொண்டது. 1996-இல் கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் உட்பட ஐந்து பேர் சேர்ந்து அதன் குணநலன்களை எல்லாம் தொகுத்து எழுதிய பிறகுதான் ‘லாம்பர்ட் டபிள்யூ’ என்ற பெயர் நிலைத்தது. பெயர் சூட்டு விழாவுக்கு 238 வருஷம்.

இந்தச் சார்பில் ஒரு வில்லங்கம் உண்டு. மைனஸ் 0.3679-க்கும் பூஜ்யத்துக்கும் இடையே எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதற்கு ஒன்றல்ல, இரண்டு விடைகள் வரும். மேல் கிளை, கீழ்க் கிளை என்பார்கள். மைனஸ் 0.3679 என்ற ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரண்டு கிளைகளும் ஒட்டிக்கொள்ளும். எந்தக் கிளை வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் கணினி தன்பாட்டுக்கு மேல் கிளையை எடுத்துக்கொடுத்துவிடும்.

பேத்தியின் பிழை அதுதான். அவள் கிளையைச் சொல்லவே இல்லை.

ஆனால் எந்தக் கிளை, ஏன் என்று சொல்ல சூரியனிடம் போக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு கண்மாய்க்குப் போய் வரலாம். மழைக்காலத்தில் நிறைந்த கண்மாயில், உபரித் தண்ணீர் வழியும் கலிங்குக்கு இந்தப் பக்கம் தண்ணீர் அசைவதே தெரியாது. ஒரு சருகு மிதந்தால் ஆற அமர நகரும். கலிங்கின் மேடைக்கு வந்ததும் அதே தண்ணீர் வேகம் பிடிக்கும். தாண்டியதும் வெறிகொண்டு ஓடும். கலிங்குக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லைப் போட்டால் அலை நாலா பக்கமும் போகும். அந்தப் பக்கம் போட்டால் அலையால் எதிர்த்து மேலேறி வர முடியாது. தண்ணீரின் ஓட்டம் அலையின் வேகத்தை முந்திவிட்டது.

சூரியனைச் சுற்றியுள்ள கொரோனாவின் வெப்பம் சுமார் 10 லட்சம் டிகிரி. அவ்வளவு சூடான வாயு என்ன செய்யும்? அசையாமல் வளிமண்டலம்போல நின்று, மெலிந்துகொண்டே பூமிவரை பரவியிருக்கும் என்று சிட்னி சாப்மன் கணக்குப் போட்டிருந்தார். வால்மீன்களின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகவே நீள்வதைப் பார்த்து, சூரியன் எதையோ ஊதிக்கொண்டிருக்கிறது என்று லுட்விக் பியர்மான் 1951-இல் எழுதினார். சிகாகோவில் இருந்த யூஜின் பார்க்கர் என்ற இளைஞர் இரண்டையும் கேட்டுக்கொண்டார். அப்படிக் கொரோனா நின்றால் தொலைதூரத்தில் அழுத்தம் மிச்சம் நிற்கும், அதை அணைபோட்டுத் தடுக்க வெளியே எதுவும் இல்லை என்று கண்டார். நிற்க முடியாதது ஓடத்தான் வேண்டும். நாலு வரி கணிதம்தான். சூரியனின் ஈர்ப்பே இங்கே கலிங்கு மேடை. 10 லட்சம் டிகிரியில் கொரோனாவில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 128 கிலோமீட்டர். சூரியனின் மையத்திலிருந்து ஏறத்தாழ 40 லட்சம் கிலோமீட்டரில் காற்று அந்த வேகத்தைத் தொடுகிறது. அதற்கு அப்பால் ஒலியை முந்திக்கொண்டு ஓடுகிறது.

1958-இல் அவர் அதைக் கட்டுரையாக ‘அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்’ இதழுக்கு அனுப்பினார். வயது அப்போது 30. மதிப்பீட்டுக்குப் போன இரண்டு பெரியவர்களும் வேண்டாம் என்றார்கள். அதில் ஒருவர், எழுதுகிறவர் முதலில் நூலகத்துக்குப் போய் விஷயத்தைப் படிக்கட்டும் என்ற பாணியில் எழுதியிருந்தார் என்று பார்க்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதழின் ஆசிரியர் யார் தெரியுமா? நம் மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டுக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர். நட்சத்திரங்களின் ஒளி பற்றி அவர் 1950-இல் எழுதிய புத்தகம் முழுக்கச் சிறப்புச் சார்புகள்தான். சூரிய வட்டத்தின் நடுவைவிட விளிம்பு ஏன் மங்கல் என்பதை அளக்க உதவும் ஒரு சார்பை எடுத்து, அதன் அட்டவணையை ஃப்ரான்சிஸ் பிரீன் என்ற பெண்மணியோடு சேர்ந்து கணக்கிட்டவர். மிக எளிமையான நிலையில் அந்தச் சார்பின்படி நடுவில் ஒளி 2.9 என்றால் விளிம்பில் 1. பைனாகுலர் வழியாக வெயிலை ஒரு வெள்ளைச் சார்ட் தாளில் விழவைத்துப் பாருங்கள். அந்த மங்கல் உங்கள் கண்ணுக்கே தெரியும். பைனாகுலரில் கண்ணை வைத்துவிடாதீர்கள், பார்வை போய்விடும்.

அந்தச் சந்திரசேகருக்கும் பார்க்கரின் முடிவு பிடிக்கவில்லை. ஆனால் இரண்டு மதிப்பீட்டாளர்களும் கணக்கில் எந்தத் தப்பையும் காட்டவில்லை என்று பார்க்கர் சொன்னபோது அவரிடம் மறுப்பு இல்லை. தான் நம்பாத ஒன்றை, தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அச்சேற்றினார். 1935-இல் லண்டனில் பெரிய சபையில் வானியலாளர் எடிங்டன் எழுந்து தன் கணக்கைக் கேலி செய்ததை உட்கார்ந்து கேட்டவர் அவர். அந்தக் காயம் அவரைக் கசப்பாக்கியிருக்கலாம். தனக்கு நடந்ததை அடுத்தவனுக்கும் நடத்துவது மனுஷ சுபாவம்தானே. மாமியார் கதை எல்லா வீட்டிலும் உண்டு. அவர் மாமியாராகவில்லை.

கட்டுரை வந்த பிறகும் ஓயவில்லை. காற்றெல்லாம் இல்லை, வெறும் மென்காற்றுதான் என்று ஜோசப் சேம்பர்லேன் 1960-இல் வாதாடினார். 1962-இல் வெள்ளிக் கோளுக்குப் புறப்பட்ட மரினர் 2 விண்கலம் போகிற வழியெல்லாம் காற்றை அளந்தது. நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். பார்க்கரின் காற்றேதான்.

பார்க்கர் தன் சமன்பாட்டை வரைகோடுகளாகத்தான் காட்டினார். வேகத்தைத் தனியே பிரித்தெழுத அவர் கையில் பெயர் இல்லை. ஸ்டீவன் கிரான்மர் என்பவர் 2004-இல், அது லாம்பர்ட்டின் டபிள்யூவேதான் என்று ஒரே வரியில் எழுதிக்காட்டினார். அந்த வரியில் இருக்கும் அழகு இது: சூரியனிலிருந்து கலிங்குவரை மேல் கிளை. கலிங்கு தாண்டினால் கீழ்க் கிளை. கலிங்கில் நிற்கும்போது மட்டும் டபிள்யூவுக்குள் போகும் எண் சரியாக மைனஸ் 0.3679 ஆகிறது. இரண்டு கிளைகளும் ஒட்டியிருக்கும் அந்த ஓர் இடத்தில்தான் தாவ முடியும். அங்கே தாவாமல் பழைய கிளையிலேயே போனால் காற்று திரும்பவும் சோம்பிப்போய், பூமிக்கு வரும்போது நொடிக்கு 395 மீட்டராகச் சுருங்கிவிடும். என் பேத்தியின் கணினி சொன்னது பொய்யில்லை. நடக்காமல் போன ஒரு காற்றின் வேகத்தை அது சரியாகவே சொன்னது.

“அப்ப கீழ்க் கிளைன்னு ஒரு வார்த்தை சேர்த்தாப் போதுமா?” என்று விசைப்பலகைக்குக் கையைக் கொண்டுபோனாள்.

“இரு. கையால போட்டுப் பாப்போம்.”

சலித்துக்கொண்டாள். ஆனாலும் போன வருஷத்துக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் திருப்பினோம். வேகத்துக்கும் ஒலிவேகத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கம்தான் தெரிய வேண்டிய எண். பூமியின் தூரத்தில் சமன்பாடு இப்படிச் சுருங்குகிறது: அந்த எண்ணிலிருந்து அதன் இயல் மடக்கையைக் கழித்தால் 11.57. நேராகத் தீர்க்க வழியில்லை. ஆகவே 11.57-ஐயே முதல் ஊகமாக வைத்து, அதன் மடக்கையை 11.57-உடன் கூட்டினோம்: 14.02. அதன் மடக்கையைக் கூட்டினால் 14.21. இன்னொரு தடவை, 14.22. அதற்குமேல் அசையவில்லை. வர்க்கமூலம் 3.77. அதை 128.5-ஆல் பெருக்கினால் 485 கிலோமீட்டர். நொடிக்கு.

அவள் கைபேசியில் போட்டாள், நான் கிளார்க் டேபிளில் பார்த்தேன். மூன்றாவது வரியில் நான் ஓரெண்ணைப் பக்கத்து வரிசையிலிருந்து படித்துவிட்டேன். அவள்தான் திருத்தினாள்.

பென்சிலை வைத்த பிறகுதான் எனக்கு 1981 ஞாபகம் வந்தது.

இளங்கலை முதல் வருஷத்துக்கு ஒரு மாதத் தேர்வு. அப்போதெல்லாம் கேள்வித்தாளை டைப்பிஸ்ட் ஸ்டென்சிலில் அடித்துத் தருவார். கணிதக் குறிகளை நாங்களே ஸ்டைலஸால் கீறவேண்டும். எழுத்தாணி பிடித்த மாதிரி இருக்கும். எக்ஸ் பெருக்கல் இ-யின் எக்ஸ் அடுக்கு, கழித்தல் இ-யின் எக்ஸ் அடுக்கு, சமம் பூஜ்யம் என்று கீற வேண்டும். விடை 1, பார்த்தவுடன் சொல்லலாம். அவசரத்தில் இரண்டாவது உறுப்பை விட்டுவிட்டு வெறும் 1 என்று கீறித் தொலைத்தேன். எளிய கணக்கு, லாம்பர்ட்டின் கணக்காகிவிட்டது. அது எனக்குத் தெரியாது. சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் அறுபது பிரதி உருட்டியாயிற்று.

ஐம்பத்தொன்பது பேர் அந்தக் கேள்வியைத் தொடவில்லை. ஒருவன் மட்டும் ஒரு பக்கம் முழுக்க எண்களாக எழுதியிருந்தான். 0.5-இல் தொடங்கி, அதை 0.4343-ஆல் பெருக்கி, ஆன்டிலாக் பார்த்துத் தலைகீழாக்கி, 0.6065. மறுபடி அதையே செய்து 0.5452. பிறகு 0.5797, 0.5601, 0.5711. இந்தப் பக்கம் ஓர் எட்டு, அந்தப் பக்கம் ஓர் எட்டு. ஒவ்வோர் எட்டும் முந்தியதைவிடச் சின்னது. கடைசியில் 0.567 என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தான்.

சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டு, ‘முறை தவறு’ என்று எழுதி, பூஜ்யம் போட்டேன்.

தாளை வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தான். “சார், பெருக்கிப் பாத்துட்டேன் சார். ஒண்ணு வருது.” கேள்வித்தாளை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். தப்பு என்னுடையது என்று தெரிந்துவிட்டது. அவனுக்கு மார்க் கொடுத்தால் மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். துறைத்தலைவரிடம் போய் நிற்க வேண்டும். “சிலபஸ்ல இந்த மெத்தட் எங்க இருக்கு, காட்டு” என்றேன். கொஞ்ச நேரம் நின்றான். போய்விட்டான். அடுத்த தேர்விலிருந்து போர்டில் நான் எழுதியதை அப்படியே எழுதினான்.

2018 ஆகஸ்டில் சூரியனை நோக்கி ஒரு விண்கலம் புறப்பட்டபோது பார்க்கருக்கு 91 வயது. ஏவுதளத்துக்கு வந்து பார்த்தார். கலத்துக்கு அவர் பெயர்தான். உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரை நாசா ஒரு கலத்துக்கு வைத்தது அதுவே முதல் தடவை. 2024 டிசம்பரில் அது சூரியப் பரப்புக்கு 61 லட்சம் கிலோமீட்டர் பக்கத்தில் போய் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. இங்கிருந்து போன ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று அதே காற்றை அளந்துகொண்டிருக்கிறது. அதை ஏவியபோது திட்ட இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர்.

பேத்தியிடம் 1981 கதையைச் சொன்னேன். இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். காலண்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த அண்ணன் பேரு என்ன தாத்தா?”

பெயர் ஞாபகமில்லை. எந்த ஊர், பிறகு என்ன படித்தான், எதுவும் தெரியாது. ஏழு எழுதும்போது நடுவில் ஒரு சின்னக் கோடு போடுவான். 0.567-இன் அந்த ஏழு மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது. என் சிவப்புக் கோடு அதன்மேல்தான் போயிருந்தது.